வண்ணத்துப்பூச்சி இல்லத்தில் ஒரு நாள்



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தொட்டிச் செடியைக் காணலாம். தில்லியானாலும் மும்பையானாலும் கொல்கத்தாவானாலும், மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்திலோ சமையலறைச் சன்னலுக்கு வெளியிலோ ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கும். எங்கள் பெங்களூரு வீட்டிலும் அப்படியொரு செடி உண்டு. அது கடையில் வாங்கியதன்று. தஞ்சை மாவட்டத்தில் எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் நின்ற தாய்ச்செடியின் வேர்க்கன்று அது. அந்த வீடு இப்போது கைமாறிவிட்டது. கிணறும் தூர்ந்துவிட்டதாகக் கேள்வி. ஆதலால் அச்செடியின்பால் எங்களுக்குள்ள பற்று சமையலை முன்னிட்டு மட்டும் ஏற்பட்டதன்று என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலையில் ரசத்துக்கு இலை பறிக்கச் சென்றபோது, தளிர்கள் யாவும் மறைந்து ஈர்க்குகள் மட்டும் எஞ்சி நிற்பதைக் கண்டோம். கூர்ந்து பார்த்தால், பச்சை நிறத்தில் விரற்கடை நீளப் புழுக்கள் நான்கைந்து. இன்னும் சில இலைகளின்மேல் பறவையின் எச்சம்போல் தோன்றியவையும் மெல்ல நகர்ந்தன. நாங்கள் சிறிதும் தயங்கவில்லை. ஒரு குவளையில் சோப்பு நீரைக் கரைத்து, புழுக்களை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டி அதில் வீழ்த்தினோம். எங்கள் மூத்த மகளும் இளைய மகனும் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அவர்களுடைய பாட்டி, "செடி பிழைத்தது" என்றார். அத்துடன் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணினோம். அது முடியவில்லை என்பது இரண்டு வாரங்கள் கழித்துத் தெரியவந்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெங்களூருவுக்குத் தெற்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் பன்னேருகட்டா என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள காடு 1974-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் மறுபுறம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளோடு இணைந்திருக்கிறது. யானைகள் மாநில எல்லையைக் கேளாமல் இரு பக்கமும் நடமாடுகின்றன. அவ்விடத்தில் 2006-ஆம் ஆண்டில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. கூரை வேய்ந்த வளாகத்துக்குள் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டுக் காட்டுவதில் நம் நாட்டில் இதுவே முன்னோடி. ஏழரை ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவின் நடுநாயகமாக விளங்குவது, ஒளி புகும் பாலிகார்பனேட் தகடுகளால் கூரையிட்ட வட்டமான கூடம். அதன் பரப்பு 10,000 சதுர அடி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குழந்தைகளையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். அண்டை வீட்டுக் கன்னடச் சிறுமி ஒருத்தியும் எங்களுடன் வந்தாள். வழி நெடுக அவளும் எங்கள் மகனும் "சிட்டே, சிட்டே" என்று பாடிக்கொண்டே வந்தார்கள். கன்னடத்தில் வண்ணத்துப்பூச்சிக்குச் சிட்டே என்று பெயர். எங்கள் மகனுக்கு அதன் தமிழ்ப் பெயர் தெரியாது என்பது அன்றுதான் எங்களுக்குப் புலனாயிற்று. தெருவிலும் பள்ளியிலும் கேட்ட சொல்லை அவன் கற்றுக்கொண்டான்; வீட்டில் கேளாத சொல்லை எங்ஙனம் கற்பான்? ஆறு வயதுவரை அவனிடம் ஒரு வண்ணத்துப்பூச்சியைச் சுட்டிக் காட்டி அதன் பெயரைச் சொல்ல எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. குறை அவனுடையதன்று.

கூடத்தின் வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள் இருந்தன. உள்ளிருக்கும் பூச்சிகள் மனிதரோடு சேர்ந்து வெளியேறிவிடாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. உள்ளே காலடி வைத்ததும் கோடைமழை பெய்து ஓய்ந்த கொல்லையில் நுழைந்ததுபோல் இருந்தது. காற்றில் வெப்பமும் ஈரமும் கலந்திருந்தன. ஒரு பக்கம் செயற்கை அருவி வீழ்ந்துகொண்டிருந்தது. இட்லிப்பூவும் உண்ணிப்பூவும் செம்பருத்தியும் பாதையின் இரு மருங்கிலும் மலர்ந்திருந்தன. அவற்றின்மேல் கறுப்பும் மஞ்சளும் நீலமுமாக இறகுகள் அசைந்தன. எங்கள் மகன் வாயடைத்து நின்றான். அவனை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு அரிய காட்சி என்பது விளங்கும்.

வெப்பமும் ஈரமும் ஏன் என்று மகள் கேட்டாள். வண்ணத்துப்பூச்சியின் குருதி நம்முடையதைப் போலத் தானே சூடாக இருப்பதன்று. சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைப் பெற்றுத் தசைகள் சூடேறினால்தான் அதனால் நன்கு பறக்க முடியும். காலை வெயிலில் அது இறகை விரித்து அமர்ந்திருப்பது அழகு காட்டுவதற்கன்று, வெயில் காய்வதற்கே. எனவே இத்தகைய இடங்களுக்குச் செல்ல விரும்புவோர் வெயில் ஏறிய முற்பகல் வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேகம் கவிந்த நாளில் சென்றால் பூச்சிகள் இலைகளின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். குழந்தைகள் ஏமாற்றம் அடைவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பன்னேருகட்டாப் பூங்காவுக்கு விடுமுறை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

உள்ளே குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: அது உன்மேல் அமரலாம், நீ அதைத் தொடலாகாது. வண்ணத்துப்பூச்சியின் இறகில் ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் நுண்ணிய செதில்களே அதன் வண்ணங்களுக்குக் காரணம். நம் விரலில் ஒட்டும் பொடி அச்செதில்கள்தாம். ஒருமுறை உதிர்ந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. இதைக் கேட்ட எங்கள் மகன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். சிறிது நேரத்தில் ஒரு கரும்பூச்சி அவனுடைய மஞ்சள் சட்டையைப் பூவென்று எண்ணியோ என்னவோ, அதன்மேல் வந்து அமர்ந்தது. சுருட்டி வைத்திருந்த உறிஞ்சு குழலை நீட்டித் துணியைத் தடவிப் பார்த்தது. கால்களாலேயே சுவை அறியும் பிராணி அது. சட்டை இனிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து போயிற்று. அவன் அதுவரை மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

கூடத்தின் ஒரு மூலையில் பணியாளர் ஒருவர் தொட்டிச் செடிகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். அத்தொட்டிகளுள் ஒன்றில் இருந்தது கறிவேப்பிலைச் செடி. அதன் கிளையில் பச்சைப் புழு ஒன்று தளிரை விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் மகன் அதைக் கண்டுவிட்டான்.

"அப்பா, இது நம் வீட்டுப் புழு! அம்மா, இங்கே பாருங்கள், நாம் தண்ணீரில் போட்டோமே, அதே புழு!"

அவனுடைய குரல் உரத்த குரல். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பணியாளருக்குத் தமிழ் ஓரளவு விளங்கியது போலும். அவர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடிந்துகொண்டிருந்தால்கூட எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் குழந்தைகளை அருகில் அழைத்துப் புழுவின் வரலாற்றைக் கன்னடத்தில் கூறத் தொடங்கினார். பாட்டிக்குக் கன்னடம் தெரியாது. ஆகவே பேரன் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். பணியாளர் 'மொட்டெ' என்றார். பேரன் 'முட்டை' என்றான். அவர் 'ஹுளு' என்றார். இவன் 'புழு' என்றான். அவர் 'எலெ' என்றதும் இவன் 'இலை' என்றான். 'ரெக்கெ' என்றதும் பாட்டியே முந்திக்கொண்டு, "றெக்கைதானே? அது எனக்கே தெரிகிறதே!" என்றார். கறிவேப்பிலையை அவர் 'கரிபேவு' என்றார். அதிலும் கறியும் வேம்பும் ஒளிந்திருக்கின்றன. இரண்டு மொழிகளும் அக்காள் தங்கைகள் என்று நாம் நூல்களில் படித்திருக்கிறோம். ஒரு புழுவை நடுவில் வைத்துக்கொண்டு அவ்விருவரும் பேசிக்கொண்டதை அன்று காதாரக் கேட்டோம்.

புழு உண்பதை நிறுத்தி அசையாமல் தொங்கும் பருவத்தை விளக்கும்போது பேரன் தடுமாறினான். அதற்குரிய தமிழ்ச்சொல் அவனுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் சட்டென்று வாயில் வரவில்லை. "கூட்டுப்புழு" என்று பாட்டி எடுத்துக் கொடுத்தார். அவன் அச்சொல்லை நான்கு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பணியாளர் கூறியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தாய்ப்பூச்சி கண்ட கண்ட செடியில் முட்டையிடுவதில்லை. கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, தன் குஞ்சுகளுக்கு ஏற்ற செடி என்று தெளிந்த பிறகே இடுகிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை, வில்வம் ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எங்கள் வீட்டுப் புழுவின் இனத்துக்கு இவையே உணவு. முட்டை சில நாள்களில் பொரிகிறது. இளம் புழு பறவை எச்சம்போன்ற கோலம் பூண்டு பறவைகளை ஏமாற்றுகிறது. நான்கு முறை தோலுரித்த பின் இலைப்பச்சை நிறம் பெறுகிறது. அதைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டை நாக்குப் போன்ற உறுப்பை நீட்டும். அதிலிருந்து நெடி வீசும். எங்கள் சோப்பு நீர்க் குவளையருகே அந்த நெடியை நாங்களும் உணர்ந்திருந்தோம். அது தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த கடைசி முயற்சி என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இந்தப் பூச்சிக்கு அண்மைக் காலத்தில் தமிழ் ஆர்வலர்கள் சூட்டியுள்ள பெயர் 'கறிவேப்பிலை அழகி'. எலுமிச்சையில் வளரும் மற்றோர் இனத்துக்கு 'எலுமிச்சை அழகி' என்றும், எருக்கஞ்செடியில் வளரும் செம்மஞ்சள் இனத்துக்கு 'வெந்தய வரியன்' என்றும் பெயர். 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த இனத்தின் பெயர் 'தமிழ் மறவன்'. இப்பெயர்களை வரிசையாகச் சொன்னபோது எங்கள் மகன் 'வெந்தய வரியன்' என்பதைப் பிடித்துக்கொண்டான். அன்று மாலைவரை அவன் வாயில் சிட்டேயும் வெந்தய வரியனும் மாறி மாறி வந்தன. இரண்டுக்கும் அவன் வாயில் இடம் இருந்தது.

கூடத்தை அடுத்துள்ள அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய பூச்சிகளைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்திருக்கிறார்கள். அங்கே கறிவேப்பிலை அழகியைப் பற்றி ஒரு விந்தையை மகளுக்கு எடுத்துக் கூறினோம். இவ்வினத்தில் ஆணுக்கு ஒரே வடிவம். கரிய இறகில் வெண்புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று வடிவங்கள். ஒரு வடிவம் ஆணைப்போலவே இருக்கும். மற்ற இரண்டும் சிவந்த திட்டுகளுடன் வேறு இரண்டு இனங்களைப்போல் வேடமிட்டிருக்கும். அந்த இனங்கள் ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று உடலில் நஞ்சேற்றிக்கொண்டவை. ஒருமுறை அவற்றைச் சுவைத்து வருந்திய பறவை மறுமுறை அந்த நிறத்தை நாடாது. நஞ்சில்லாத அழகி அந்த நிறத்தைப் பூண்டு உயிர் தப்புகிறாள். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் 1865-ஆம் ஆண்டிலேயே மலாய்த் தீவுகளின் பூச்சிகளைக் கொண்டு இதைப்பற்றி எழுதினார். இந்த வேடத்தை ஆட்டுவிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2014-ஆம் ஆண்டில் கண்டறிந்த அறிவியலாளர் குழுவில், இதே பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் ஒருவர். எங்கள் சன்னலோரத்துப் புழுவுக்குள் உலக அறிஞர்கள் ஒன்றரை நூற்றாண்டாக ஆராய்ந்த புதிர் இருந்திருக்கிறது. நாங்கள் அதை ரசத்துக்கு இடையூறு என்று மட்டுமே கண்டோம்.

மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சி எது என்று அண்டை வீட்டுச் சிறுமி கேட்டாள். கறுப்பும் பொன்மஞ்சளுமான பெரிய பூச்சி ஒன்று கர்நாடகத்தின் சின்னமாக விளங்குகிறது. 1932-ஆம் ஆண்டில் அவ்வினத்தின் ஒரு பூச்சி 190 மில்லிமீட்டர் இறகு விரிவுடன் அளவிடப்பட்டு, இந்தியாவிலேயே மிகப் பெரியது என்று 88 ஆண்டுகள் பெயர் பெற்றிருந்தது. 2020-ஆம் ஆண்டில் உத்தரகண்ட் மாநிலத்துத் திதிஹாட்டில் கிடைத்த அதன் உறவினப் பூச்சி ஒன்று 194 மில்லிமீட்டர் அளவுடன் அதை முந்தியது. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தன் மாநிலத்துப் பூச்சி தோற்றதை அச்சிறுமியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அளவுகோலில் அவ்வளவு தூரத்தைக் காட்டி, அது ஒரு கொத்தமல்லி விதையின் பருமன்தான் என்று பாட்டி தேற்றினார்.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும் வழியில், மரத்தடியில் கிழிந்த இறகுகளோடு ஒரு பூச்சி அசைவற்றுக் கிடந்தது. அதற்கு நோயா என்று மகன் கேட்டான். வயதாகிவிட்டது என்றோம். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் இறகு பெற்றபின் சில வாரங்களே வாழ்கின்றன. அவன் அதைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டான். இப்போது எடுக்கலாம் என்றோம். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, "நாம் போட்ட புழுவெல்லாம் இந்த வயதுக்கு வரவில்லை, இல்லையா?" என்றான்.

இதற்கு என்ன விடை கூறுவது? பெற்றோருக்கு வழக்கமாகக் கைகொடுக்கும் விடைகள் பல உண்டு. எதையும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. "ஆம், வரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் போயிற்று" என்றோம். அவன் அதை ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. செத்த பூச்சியை ஒரு செம்பருத்திச் செடியின் அடியில் வைத்துவிட்டு நடந்தான்.

பாட்டியின் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியில் வந்து மரநிழலில் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது அவர் கேட்டார்: "நம் கொல்லையில் இவை யாரும் வளர்க்காமலே பறந்தனவே. கொல்லையை விற்றுவிட்டு, கூரை போட்ட கொல்லையைச் சீட்டு வாங்கிப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

மகள் உடனே பாட்டியின் பக்கம் சேர்ந்துகொண்டாள். கூரைத் தகட்டில் மோதி மோதித் திரும்பிய பூச்சிகளை அவளும் பார்த்திருந்தாள். அவை வெளியே போக விரும்புகின்றன என்பது அவள் வாதம். நாங்கள் மறுபக்கத்தை எடுத்துரைத்தோம். உள்ளே பறவையும் ஓணானும் இல்லை, உணவுச்செடிக்குக் குறைவில்லை, பெருநகரத்துக் குழந்தைகளுக்கு முட்டை முதல் இறகு வரை ஒரே நாளில் காட்ட வேறு வழியும் இல்லை. இவ்வளவும் உண்மைதான். ஆயினும் பாட்டி சொன்னதும் உண்மைதான். கூடத்தைக் கண்டு வந்தவர்கள் தம் வீட்டுச் செடியைத் திரும்பிப் பார்த்தால் அந்தக் கூரைக்கு ஒரு பொருள் உண்டு. கண்டதோடு நின்றால் அது கூண்டுதான் என்ற முடிவுக்கு அனைவரும் வந்தோம். கட்டுச்சோறும் அத்துடன் தீர்ந்தது.

கூரையில்லாத வெளியில் நம் தென்னாட்டு வண்ணத்துப்பூச்சிகள் செய்யும் பயணம் ஒன்றுண்டு. நீல வரிகளுடைய இனங்களும், வெண்புள்ளியிட்ட கரிய இனங்களும் ஆண்டுதோறும் இடம் பெயர்கின்றன. தென்மேற்குப் பருவமழை இறங்குமுன், மேற்குத் தொடர்ச்சி மலையின் கடுமழைக்கு ஒதுங்கி, கிழக்கே சமவெளிகளையும் கிழக்கு மலைகளையும் நோக்கிப் பல்லாயிரக்கணக்கில் பறக்கின்றன. ஐப்பசியை ஒட்டிய நாள்களில் மீண்டும் மேற்கு நோக்கிய பயணம் நிகழ்கிறது. பெங்களூரு நகரம் இந்த வழியில் அமைந்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் மாடியில் நின்று பார்த்தால், போக்குவரத்து நெரிசலுக்கு மேலே அவை ஒரே திசையில் செல்வதைக் காணலாம். பிழைப்புக்காக மலையையும் மாநிலத்தையும் கடப்பவர்கள் நாம் மட்டும் அல்லர். அவை செல்லும் இடத்துப் பூவில் தேன் அருந்துகின்றன. அதற்காகத் தம் இறகின் கோலத்தை மாற்றிக்கொள்வதில்லை.

வீடு திரும்பியதும் குடும்பத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இனிப் புழுக்களைக் கொல்வதில்லை. ஆனால் ஊர்ச்செடியையும் மொட்டையாக விட்டுவிட இயலாது. ஆதலால் ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கி வைத்து, புழுக்கள் வந்தால் இளமையிலேயே அதன் தளிருக்கு மாற்றிவிடுவது. அவ்வாறே ஒரு நாற்றங்காலில் கன்று வாங்கினோம். அடுத்த மாதம் மூன்று இளம் புழுக்கள் தோன்றின. இலையோடு கிள்ளி, எலுமிச்சையில் விட்டோம். இரண்டாம் நாள் மூன்றும் சுருண்டு கிடந்தன. விற்பனைக்கு வைத்திருந்த கன்றில் பூச்சிமருந்து தெளித்திருந்தார்கள் என்பது கேட்ட பிறகே தெரிந்தது. மகன் அன்று இரவு உண்ணவில்லை. நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, செடியின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை நாங்கள் கற்றுக்கொண்டோம். நேயர்களும் இதைக் கருத்தில் கொள்வார்களாக. புதிதாக வாங்கிய கன்றைப் பல வாரங்கள் மழையிலும் வெயிலிலும் வைத்து, அது நம் வீட்டில் புதுத் தளிர் விட்ட பின்னரே புழுக்களை அதன்மேல் விடவேண்டும்.

புரட்டாசியில் மறுபடியும் முட்டைகள் தென்பட்டன. இம்முறை எலுமிச்சை நன்றாகத் துளிர்த்திருந்தது. நான்கு புழுக்களில் ஒன்றைக் குளவி கொண்டுபோயிற்று. ஒன்று எங்கோ காணாமற் போயிற்று. மூன்றாவது புழு எலுமிச்சையை விட்டு இறங்கி, எங்கள் சன்னல் கம்பியில் இழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. நான்காவது ஊர்ச்செடியை விட்டு நகர மறுத்துவிட்டது. அதற்கு ஒரு கிளையை மானியமாக விட்டோம். அந்த மாதம் முழுவதும் ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். புழு தின்ற கிளை மறு மாதமே பழையபடி தளிர்த்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். கூடு கருத்து, முதுகுப்புறம் வெடித்தது. ஈரத்துணியைக் கசக்கி வைத்தாற்போல் ஓர் உருவம் வெளியே வந்து கம்பியைப் பற்றிக்கொண்டது. உடலின் நீர் இறகு நரம்புகளில் ஏற ஏற, கசங்கல் மெல்ல நீங்கியது. பள்ளி வண்டி வந்து ஒலி எழுப்பியும் குழந்தைகள் அசையவில்லை; நாங்களும் அவர்களை விரட்டவில்லை. கரிய இறகில் வெண்புள்ளி வரிசை தெரிந்தது. ஆண் என்றான் மகன். "பெண்ணிலும் இந்த வடிவம் உண்டே, எப்படிச் சொல்வாய்?" என்றாள் மகள். அந்த வழக்குத் தீருமுன் பூச்சி எழுந்து, எதிர்வீட்டு மாடியைக் கடந்து மறைந்துவிட்டது.

ஊர் திரும்பியிருந்த பாட்டிக்கு அன்று மாலை மகன் தொலைபேசியில் செய்தி சொன்னான். "பாட்டி, கூட்டுப்புழு வெடித்தது. கறிவேப்பிலை அழகி பறந்துவிட்டது" என்றான். ஒரு சொல்லுக்கும் எங்களை எதிர்பார்க்கவில்லை. மறுமுனையில் பாட்டி, "நம் கிணற்றடிச் செடியிலா?" என்று மட்டும் கேட்டாராம்.

நேயர்களே, இந்தப் பூங்காவைக் காண எல்லாராலும் பெங்களூருவுக்கு வர இயலாது. தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் செல்வோர், திருச்சியை அடுத்த திருவரங்கத்தில் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். அதுவும் முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் வெந்தய வரியனும் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பறக்கின்றன. பூசைக்கு வளர்க்கும் அரளியில், வெள்ளிபோல் மின்னும் கூடு ஒன்று தொங்கக்கூடும். கரிய இறகுடைய இனத்தின் கூடு அது. தெருவோரத்து எருக்கிலும் கொன்றையிலும் தேடிப் பாருங்கள்.

அண்டை வீட்டார் அதைத் 'தித்லி' என்பார்கள். ஆந்திரத்தில் 'சீதாகோக சிலுக' என்பார்கள். வங்காளத்தில் 'ப்ரஜாபதி' என்று சொல்லித் திருமண அழைப்பிதழில் அச்சிடுவார்கள். அப்பெயர்களையும் குழந்தைகள் கற்கட்டும். கூடவே, வண்ணத்துப்பூச்சி என்னும் சொல்லையும் ஒருமுறை நாம் சொல்லி வைப்போம். நாம் சொல்லாவிட்டால் அங்கே அதைச் சொல்வார் யாருமில்லை. உங்கள் செடியில் புழுவைக் கண்டால், சோப்பு நீரைக் கரைக்குமுன் குழந்தையை ஒருமுறை கூப்பிடுங்கள்.